படங்களை அழிக்கச் சொன்னது பொலிஸ் இல்லை, நான்தான்

போன வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். லண்டனைச் சுற்றியுள்ள விமான நிலையங்களில் ஒன்றின் வேலியோரம் நானும் என் மகனும் நின்றிருந்தோம். அவனுக்கு வயது 15. கையில் ஒரு பாவித்த கமரா, தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு கொப்பி. அந்தக் கொப்பியில் அவன் இதுவரை கண்ட விமானங்களின் பதிவு இலக்கங்கள் வரிசையாக இருக்கும். பிரித்தானிய விமானம் என்றால் ஜி, இந்திய விமானம் என்றால் விரி, இலங்கை விமானம் என்றால் 4ஆர் என்று தொடங்கும். அதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான்.

இதற்கு இங்கே பிளேன் ஸ்பொட்டிங் என்று பெயர். பிரித்தானியாவில் ரயில் இலக்கம் எழுதுகிற பழக்கத்தைப் போலவே பழைய பொழுதுபோக்கு. எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். "பிளேனைப் பார்த்து என்ன கிடைக்குது? அந்த நேரத்திலை ரெண்டு கணக்குச் செய்யலாமே" என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார்.

அன்றைக்கு நல்ல பக்கக்காற்று. ஒரு ஏ380 மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கி, கடைசி நொடியில் நேராகி ஓடுபாதையைத் தொட்டது. மகன் அதைத் தொடர்ந்து படமெடுத்தான். மொத்தம் 62 படங்கள். இரண்டு அடுக்கு கொண்ட அந்தப் பெரிய விமானத்தை ஏர்பஸ் 2021 உடன் செய்வதை நிறுத்திவிட்டது, இனிப் புதிதாக ஒன்று வராது என்று சொல்லிச் சந்தோசத்தில் துள்ளினான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பொலிஸ் வாகனம் வந்து நின்றது. துப்பாக்கியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். விமான நிலையப் பொலிஸ் என்றால் இங்கே ஆயுதம் இருக்கும். எங்களுக்குப் பக்கத்தில் அலுமினிய ஏணிகளில் ஏறி நின்று, எங்களுடையதை விடப் பெரிய கமராக்களோடு ஐந்து வெள்ளைக்காரப் பெரியவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பொலிஸார் அவர்களைத் தாண்டி நேராக எங்களிடம் வந்தார்கள்.

மரியாதையாகத்தான் பேசினார்கள். அதை நான் மறைக்கக் கூடாது. "இரண்டு ஆசிய ஆண்கள் ஓடுபாதையைப் படமெடுக்கிறார்கள் என்று யாரோ போன் எடுத்திருக்கிறார்கள். வந்து பார்க்கவேண்டியது எங்கள் கடமை. என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார் ஒருவர். மகன் வாயைத் திறக்க முதல் நான் தமிழில் அவனுக்குச் சொன்னேன்:

"தம்பி, கெதியா எல்லாத்தையும் அழி."

அவன் என்னைப் பார்த்தான். நான் திரும்பவும் சொன்னேன். அவன் அழித்தான்.

அதை அந்தப் பொலிஸ்காரர் கண்டார். அந்த இடத்தில்தான் எல்லாம் மாறியது. "என்ன அழிக்கிறீர்கள்? ஏன் அழிக்கிறீர்கள்? அவரிடம் என்ன சொன்னீர்கள்?" குரல் மாறிவிட்டது. பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் சோதனை செய்யப்போவதாகச் சொன்னார்கள். பை, பொக்கெட், கொப்பி, போன் எல்லாம் பார்த்தார்கள். பக்கம் பக்கமாக இலக்கம் எழுதிய கொப்பியை ஒருவர் மற்றவருக்குக் காட்டினார். 40 நிமிடங்கள் போயின. கடைசியில் ஏணியில் நின்ற ஒரு பெரியவர் இறங்கி வந்து, "இந்தப் பெடியன் மூன்று மாதமாக இங்கே வருகிறான், எனக்குத் தெரியும்" என்று சொன்னார். சோதனைப் பதிவுத் துண்டு ஒன்றைத் தந்துவிட்டுப் போனார்கள்.

காரில் மகன் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் வைத்துத்தான் கேட்டான். "அப்பா, அவை அழிக்கச் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னனீங்கள். நான் என்ன பிழை செய்தனான்?"

ஒரு வருடமாக இந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கை ஏன் நடுங்கியது?

காரணம் எனக்குத் தெரியும். 90களில், ஊரில், ஒரு சோதனைச்சாவடி. என் கையில் ஒரு சின்னக் கமரா. மச்சாளின் கல்யாண வீட்டில் எடுத்த படங்கள் உள்ளே. சீருடையில் நின்றவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்து, பிலிம் சுருளை வெளியே இழுத்து, வெயிலில் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்பித் தந்தார். நான் "நன்றி" என்று சொன்னேன். கமராவோடு விட்டாரே, ஆளையும் விட்டாரே என்ற நன்றி. என் வயதுள்ள வாசகர்களுக்கு அந்த நன்றி என்னவென்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதற்குப் பிறகு 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். அதே வருடம்தான் பிரித்தானியா புலிகள் இயக்கத்தைத் தடைசெய்தது. செப்டெம்பரில் நியூயோர்க். விமானம், தமிழன், கமரா என்ற மூன்றும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று எங்களில் பலர் அந்த வருடத்தோடு மனதில் எழுதிக்கொண்டோம். இங்கே எயார்போட்டுக்குள் "ஷெடியூல் 7" என்ற பெயரில் மறித்து வைக்கப்பட்டவர்களின் கதைகளும் எங்கள் வீடுகளில் இருக்கின்றன.

ஆனால் என் மகன் அந்தச் சாவடியில் நிற்கவில்லை. அவன் பிறந்தது இங்கே. அவன் நின்றது ஒரு பொது நடைபாதையில். அவனுக்கு எதிராகச் சட்டம் ஒன்றும் இல்லை. நான்தான் ஊரிலிருந்து அந்தச் சாவடியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அன்றைக்குப் பிறகு நான் உட்கார்ந்து வாசித்தேன். முதலே வாசித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பொது இடத்தில் நின்று படமெடுக்க அனுமதிப் பத்திரம் தேவையில்லை. விமானத்தைப் படமெடுப்பது குற்றமில்லை. இது லண்டன் பெருநகரப் பொலிஸ் தானே வெளியிட்டிருக்கும் வழிகாட்டலில் உள்ள விஷயம். விமான நிலையக் கட்டடமும் அதன் கார் தரிப்பிடமும் வேறு கதை. அது தனியார் காணி, அங்கே வேண்டாம் என்று சொல்லவும் வெளியே போகச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

பயங்கரவாதச் சட்டம் 2000 இன் 43ஆம் பிரிவின்படி பொலிஸ் ஒருவரைச் சோதிக்கலாம். ஆனால் அவர் பயங்கரவாதி என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். அப்படிக் காரணம் இருந்தால் கமராவிலும் போனிலும் உள்ள படங்களைப் பார்க்கலாம். சோதனையின்போது படங்களை அழிக்கவோ, அழிக்கச் சொல்லவோ பொலிஸுக்கு அதிகாரம் இல்லை. அதுவும் அதே வழிகாட்டலில் இருக்கிறது.

அப்படியென்றால் அன்றைக்கு அந்த நியாயமான காரணத்தை அவர்கள் கையில் கொடுத்தது யார்? நான்தான். கேள்வி கேட்கத் தொடங்கிய உடனே, அவர்களுக்கு விளங்காத மொழியில் ஏதோ சொல்லி, படங்களை அழிக்க வைத்தேன். அவர்கள் இடத்தில் நான் நின்றிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

முன்பு 44ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குறிக்கப்பட்ட பகுதிக்குள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் யாரையும் மறித்துச் சோதிக்கலாம். லண்டன் முழுவதும் அந்தப் பகுதிக்குள் பல வருடங்கள் இருந்தது. 2009-10 இல் மட்டும் அதன்கீழ் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சோதனைகள் நடந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பயங்கரவாதக் குற்றத்துக்கான கைதில் முடியவில்லை. கமராவோடு நின்ற எத்தனையோ பேர் அதில் மாட்டினார்கள். 2010 ஜனவரியில் புகைப்படக்காரர்கள் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கூடி, "நான் புகைப்படக்காரன், பயங்கரவாதியில்லை" என்று சொன்னார்கள். அதே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 44ஆம் பிரிவு தனிமனித வாழ்க்கைக்கான உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அந்த வருடம் ஜூலையில் அப்போதைய உள்துறை அமைச்சர் தெரேசா மே அதன் பாவனையை நிறுத்தினார். பிறகு அந்தப் பிரிவே நீக்கப்பட்டு, கடுமையான நிபந்தனைகளோடு வேறொன்று வந்தது.

அந்த மாற்றம் தானாக வரவில்லை. மறிக்கப்பட்டவர்கள் "இது சரியில்லை" என்று சொல்லி வழக்குப் போட்டதால் வந்தது. நான் செய்ததுபோல எல்லோரும் அழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அந்தச் சட்டம் இன்றும் இருந்திருக்கும்.

பொலிஸின் பக்கமும் இருக்கிறது

"கேள்வியே கேட்கக் கூடாது" என்று நான் சொல்லவில்லை. 1994 மார்ச்சில் ஐரிஷ் குடியரசு இராணுவம் ஹீத்ரோவை நோக்கி வெளியில் இருந்தே மோட்டார் குண்டுகளை ஏவியது. அவை வெடிக்காதது அதிர்ஷ்டம். 2003 பெப்ரவரியில் ஏவுகணைத் தாக்குதல் பயத்தால் ஹீத்ரோவைச் சுற்றி இராணுவத்தையே நிறுத்தினார்கள். வேலியோரம் நிற்பவரிடம் "என்ன செய்கிறீர்கள்" என்று கேட்பது பிழையில்லை. கேட்காத பொலிஸை நம்பி நானும் விமானம் ஏறமாட்டேன்.

ஆனால் யாரிடம் கேட்பது என்பதில்தான் பிரச்சினை. ஏணியில் ஐந்து பேர், கீழே இரண்டு பேர். போன் எடுத்தவரின் கண்ணில் பட்டது கமரா இல்லை, எங்கள் தோல். பொலிஸார் ஐந்து பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எங்களிடம் கேட்டதும் எனக்கு உறுத்தியிருக்காது. எங்களைப் பற்றி அந்தப் பெரியவர் சொல்ல 40 நிமிடம் தேவைப்பட்டிராது.

பொழுதுபோக்கே ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டும் என்பதற்குத் தோல் நிறமும் தேவையில்லை. 2018 டிசம்பரில் கற்விக் விமான நிலையம் ட்ரோன் பீதியில் முடங்கியபோது பக்கத்து ஊர் தம்பதி ஒன்றைக் கைதுசெய்தார்கள். கணவருக்குப் பொம்மை விமானம் பறக்கவிடுவது பொழுதுபோக்கு. 36 மணிநேரம் தடுத்து வைத்துவிட்டு, குற்றச்சாட்டு இல்லாமல் விட்டார்கள். 2020 இல் பொலிஸ் மன்னிப்புக் கேட்டு, வழக்குச் செலவோடு சேர்த்து 2 இலட்சம் பவுண்ஸ் கொடுத்தது.

வேறு நாட்டில் இதே பழக்கம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. இங்கே உள்ள உரிமையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டாவில் 12 பிரித்தானியரும் 2 ஒல்லாந்துக்காரரும் விமானப்படைத் தளத்தில் உளவு பார்த்ததாகக் கைதானார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனை. மற்றவர்களுக்கு ஒத்திவைத்த தண்டனை. நவம்பரில் மேல்முறையீட்டில் எல்லோரும் விடுதலை. இலக்கம் எழுதுவதற்காக ஒரு மனிதன் வெளிநாடு வருவான் என்பதை அந்த நீதிமன்றத்துக்கு விளங்கப்படுத்தவே ஒரு வருடம் பிடித்தது.

2010 இல் தில்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் இருந்து வானொலிக் கருவியில் விமானப் பேச்சைக் கேட்ட இரண்டு பிரித்தானியர் கைதாகி, அபராதம் கட்டித்தான் திரும்பினார்கள். 2015 இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் விமான இலக்கம் எழுதிய மூன்று பிரித்தானியர் சுமார் இரண்டு மாதம் சிறையில் இருந்தார்கள். துபாய், அபுதாபி வழியாகத்தானே எங்களில் அரைவாசிப் பேர் ஊருக்குப் போகிறோம்? அங்கே இறங்கும்போது பிள்ளையின் கமரா பைக்குள் இருக்கட்டும். கட்டுநாயக்கவிலும் பலாலியிலும் அப்படியே.

இது பயமில்லை, அறிவு. எங்கே நிற்கிறோம், அங்கே சட்டம் என்ன என்று தெரிந்து நடப்பது ஒன்று. எங்கே நின்றாலும் நடுங்குவது வேறொன்று. நான் பிள்ளைக்குக் கொடுத்தது இரண்டாவதை.

இலக்கம் எழுதினால் என்ன பிரயோசனம்?

மாமியாரின் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2004 ஜனவரி 23ஆம் திகதி ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் ஒரு ஸ்பொட்டர் ஒரு போயிங் 737 ஐப் படமெடுத்தார். அதன் இலக்கம் என்313பி. அவருக்கு அது இன்னொரு விமானம். அந்த விமானம் அங்கிருந்து மசிடோனியாவின் ஸ்கோப்யே போய், காலிட் எல்-மாஸ்ரி என்ற ஜேர்மன் பிரஜையை ஏற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானில் இருந்த சிஐஏ இரகசியச் சிறைக்குக் கொண்டுபோனது. ஆளை மாறிப் பிடித்திருந்தார்கள். மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, அல்பேனியாவில் ஒரு தெருவோரத்தில் இறக்கிவிட்டார்கள்.

சிஐஏயின் இரகசிய விமானங்களை ஊடகவியலாளர்கள் கண்டுபிடிக்க உதவிய தடயங்களில், உலகெங்கும் வேலியோரம் நின்ற இப்படிப்பட்ட ஆட்களின் படங்களும் கொப்பிகளும் இருந்தன. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எல்-மாஸ்ரிக்கு நடந்ததற்கு மசிடோனியா பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே என்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் வீதியில் இருக்கிற தாய்மாரைக் கொண்ட இனம் நாங்கள். எந்த வாகனத்தில் ஏற்றினார்கள், அதன் இலக்கம் என்ன, யார் கண்டது என்று கேட்டால் எத்தனை வீட்டில் பதில் இருக்கிறது? யாரோ ஒருவர் ஒரு இலக்கத்தை எழுதி வைத்திருந்தால் என்ன பெறுமதி என்று எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியிருக்க, எழுதி வைக்கிற பிள்ளையைப் பார்த்து "அழி" என்று சொன்னவன் நான்.

பெற்றோருக்கு

"ஏன் வீண் வம்பு? வந்த நாட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் என் அனுபவத்தில் வம்பை வாங்கித் தந்ததே அந்தப் பயம்தான். மகன் ஒரு நிமிடம் பேசியிருந்தால், கொப்பியைத் திறந்து காட்டியிருந்தால், அவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கக் கூடும்.

ஆகவே நான் இப்போது மகனுக்குச் சொல்லியிருப்பது இவ்வளவுதான். பொது இடத்தில் நில். வேலியைத் தொடாதே, ஏறாதே. பொலிஸ் வந்தால் ஓடாதே, எதையும் அழிக்காதே. என்ன செய்கிறாய் என்று நீயே சொல், கொப்பியைக் காட்டு. சோதனை செய்யப்போவதாகச் சொன்னால் எந்தச் சட்டத்தில், ஏன் என்று மரியாதையாகக் கேள். பதிவுத் துண்டை வாங்கு. சரியில்லை என்று பட்டால் அந்த இடத்தில் சண்டை பிடிக்காதே, பிறகு எழுத்தில் முறையிடு. விமான நிலையத்துக்குள் பயணியாகப் போகும்போது மட்டும் ஷெடியூல் 7 வேறு சட்டம். அங்கே சந்தேகம் இல்லாமலே ஆறு மணிநேரம் வரை வைத்திருக்கலாம், கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் அதுவே குற்றம். இரண்டையும் குழப்பாதே.

விமான நிலையங்களும் செய்யக்கூடியது இருக்கிறது. மன்செஸ்டரில் இதற்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. ஓடுபாதைக்குப் பக்கத்தில், ஒரு கொன்கோர்ட் விமானத்தோடு. ஒல்லாந்தின் ஸ்கிபோலில் பொல்டர்பான் ஓடுபாதையோரம் நின்று பார்க்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கனடாவின் ஒட்டாவாவில் ஸ்பொட்டர்களே விமான நிலையத்தின் இன்னொரு சோடிக் கண்ணாக, வழமைக்கு மாறாக ஏதும் கண்டால் அறிவிக்கிற குழுவாக இயங்குகிறார்கள். வாரா வாரம் அதே இடத்தில் நிற்பவருக்குத்தானே புதிதாக ஒன்று வந்தால் தெரியும்? ஏணிப் பெரியவருக்கு என் மகனைத் தெரிந்திருந்ததும் அப்படித்தான்.

அந்தப் பெரியவர் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். "அந்த மெமரி கார்ட்டில் புதிதாக ஒன்றும் எடுக்காதே. அழித்தது உள்ளே இருக்கும்." மகன் ஒரு மென்பொருளைப் போட்டு 62 இல் 47 ஐ மீட்டான். மூக்கைத் திருப்பிக்கொண்டு இறங்கிய ஏ380 அதில் இல்லை.

இரண்டு கிழமை அவன் போகவே இல்லை. மூன்றாவது சனிக்கிழமை நான்தான் "வா தம்பி, போவம்" என்று கூப்பிட்டேன். ஒரு சின்ன ஏணியும் வாங்கியிருந்தேன். பொலிஸ் வாகனம் தூரத்தில் வந்தபோது என் கை பழையபடி கமராப் பையை மூடப் போனது. மகன் என் கையைப் பிடித்து, "விடுங்கோ அப்பா" என்றான். பிறகு அவர்களைப் பார்த்துக் கையசைத்தான். அவர்களும் கையசைத்துவிட்டுப் போனார்கள்.